நெய்யில் வந்த பழி

திருமலைக்குச் சென்று திரும்புவோர் வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதற்காரியம், லட்டை உடைத்து அண்டை அயலாருக்குப் பங்கிடுவதுதான். சித்தூரிலும் திருப்பதியிலும் குடியமர்ந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கோ இது இரட்டைக் கடமை. வேலூரிலும் சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் உறவினர், "மலையடிவாரத்திலேயே இருக்கிறீர்கள், இரண்டு லட்டு கொடுத்தனுப்பக் கூடாதா?" என்று உரிமையோடு கேட்பர். நாமும் அனுப்புவோம். விருந்தினர் புறப்படும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு லட்டையும் வைத்துக் கொடுக்காத தமிழ் வீடு இப்பகுதியில் அரிது.

அவ்விதம் கொடுத்துப் பழகிய கைகள் சற்றே தயங்கிய காலம் ஒன்று வந்தது. 2024 செப்டம்பர் 18 அன்று அமராவதியில் ஆளுங்கூட்டணிச் சட்டமன்ற உறுப்பினர்களின் கூட்டத்தில் பேசிய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, முந்தைய ஆட்சிக் காலத்தில் லட்டுக்கு வாங்கிய நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தது என்று கூறினார். மறுநாளே ஆய்வுக்கூட அறிக்கை ஒன்று பத்திரிகைகளில் வெளியாயிற்று. துணை முதலமைச்சர் பவன் கல்யாண் 11 நாள் பரிகார விரதம் பூண்டார். தேவஸ்தானத்தார் செப்டம்பர் 23 அன்று திருமலையில் சாந்தி ஹோமம் நடத்தினர். முன்னாள் முதலமைச்சர் ஜகன்மோகன் ரெட்டியோ, இது முழுப் பொய், அரசியல் நோக்கத்துக்காகத் திருமலையின் புனிதத்தைக் கெடுக்கும் பேச்சு என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

நம்மவரைத் தனியே சுட்ட ஒரு செய்தியும் அதில் இருந்தது. முதலில் அடிபட்ட பெயர் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஏ.ஆர். டெய்ரி. திருப்பதியின் கடைவீதியில், "உங்கள் ஊர்க்காரர் அனுப்பிய நெய்தானாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டோரும் உண்டு. சிரிக்காமல் கேட்டோரும் உண்டு. சித்தூர் 1953 வரை சென்னை இராஜ்யத்தில் இருந்த ஊர். இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவை. அப்படிப்பட்ட ஊரில் 'உங்கள் ஊர்', 'எங்கள் ஊர்' என்ற பேச்சு எழுந்ததே வருத்தத்துக்குரியது. வழக்கு வளர வளர, அதில் உத்தரகண்டமும் டெல்லியும் இம்மாவட்டமும் வந்து சேர்ந்தன. பழியை ஒரு மொழியார் தலையில் வைக்க இடமில்லாமற் போயிற்று.

பழி யார்மேல் என்பதை ஆராயுமுன், நெய் எப்படி வாங்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம். திருமலையின் பெரும் மடைப்பள்ளியில் நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லட்டுகள் பிடிக்கப்படுகின்றன. இதற்கும் ஏனைய பிரசாதங்களுக்கும் நாள்தோறும் ஏறத்தாழ 15,000 கிலோ பசு நெய் தேவை. தேவஸ்தானம் அதனை ஒப்பந்தப்புள்ளி கோரி, குறைந்த விலை சொல்பவரிடம் வாங்கி வந்தது. பல்லாண்டுகளாக நெய் அனுப்பிய கர்நாடகக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பு 2023இல் ஒதுங்கியது. எங்கள் விலைக்கும் கீழே கொடுப்பவர் தரத்தில்தான் குறைப்பார் என்று அதன் அன்றைய தலைவர் பீமா நாயக் வெளிப்படையாகவே சொன்னார். அவர்கள் ஒப்பந்தப்புள்ளியிலேயே கலந்துகொள்ளவில்லை என்று தேவஸ்தானத்தார் மறுமொழி கூறினர். அந்த எச்சரிக்கையை நம்மில் எத்தனை பேர் அன்று பொருட்படுத்தினோம்? வியாபாரத்தை இழந்தவரின் மனக்குறை என்றே பலரும் கொண்டோம்.

பின்னர் 2024 மே மாதம் திண்டுக்கல் நிறுவனத்துக்கு ஆணை வழங்கப்பட்டது. கிலோ 319 ரூபாய் 80 காசு. ஜூனில் ஆட்சி மாறியது. தேவஸ்தானத்துக்குப் புதிய நிர்வாக அதிகாரியும் வந்தார். ஜூலையில் வந்த நான்கு டாங்கர் நெய்யின்மேல் ஐயம் எழவே, மாதிரிகள் குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசியப் பால்வள வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. அந்நிய கொழுப்பு கலந்திருக்கிறது என்று முடிவு வந்தது. டாங்கர்கள் நிராகரிக்கப்பட்டன.

அந்த ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாடு முழுவதையும் இரண்டாகப் பிளந்த வாக்குவாதம் அதிலுள்ள ஒரு வரியிலிருந்து பிறந்தது. பால் கொழுப்பில் உள்ள கூறுகளைப் பிரித்து அளந்து, சில சூத்திரங்களின்படி கணக்கிட்டு எண்கள் பெறுகிறார்கள். தூய நெய்யானால் அவ்வெண்கள் நூறுக்கு மிக அருகில் நிற்கும். விலகினால், எந்த வகைக் கொழுப்பு கலந்திருக்கலாம் என்பதைப் பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலில் பாமாயிலும் மாட்டுக் கொழுப்பும் ஒரே வரியில் இடம்பெற்றவை! ஒரே சூத்திரம் இரண்டையும் குறிக்கும். எது கலந்தது என்பதை அது மட்டும் பிரித்துச் சொல்லாது. பன்றிக் கொழுப்புக்குத் தனி வரி உண்டு. பசுவுக்கு எண்ணெய்ச் சத்து மிகுந்த தீவனம் கொடுத்திருந்தாலும், பசு நோயுற்றோ பட்டினியாகவோ இருந்தாலும் எண்கள் பிசகக்கூடும் என்ற குறிப்பும் அறிக்கையிலேயே இருந்தது. ஆயினும் மேடைகளில் ஒலித்தது மாட்டுக் கொழுப்பு என்ற சொல் ஒன்றே. பாமாயில் என்றால் யாருக்கு நெஞ்சு பதறும்? அதுதான் நாள்தோறும் நம் வீட்டு வாணலியில் கொதிக்கிறதே!

கலப்பட நெய் நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது 1918இல். வனஸ்பதி பெருகிய காலத்தில் அதனை நெய்யில் கலக்கும் வர்த்தகரைப் பிடிக்க அரசாங்கத்தார் ஓர் உபாயம் செய்தனர். வனஸ்பதி செய்வோர் அதில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே தீரவேண்டும் என்று விதித்தனர். ஐயத்துக்குரிய நெய்யில் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்குமாயின் செந்நிறம் தோன்றும், குட்டு வெளிப்படும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் கலப்படக்காரனும் காலத்தோடு படித்துக்கொண்டே வருகிறான் என்பதை அதிகாரிகள் மறந்துவிடுகிறார்கள். 1983இல் வட இந்தியாவில் வனஸ்பதியில் இறக்குமதி மாட்டுக் கொழுப்பு கலந்ததாகப் பெரும் கிளர்ச்சி எழுந்தபோதும், வர்த்தகன் குற்றவாளியா, இறக்குமதிக்கு உரிமம் தந்தவர் குற்றவாளியா என்று இதே சண்டைதான் நடந்தது.

திருமலை வழக்கில் புலனாய்வுக் குழு கூறுவது இது. இவை யாவும் குற்றச்சாட்டுகளே. நீதிமன்றம் இன்னும் தீர்ப்பளிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டோர் மறுத்திருக்கின்றனர். உத்தரகண்ட மாநிலம் ரூர்க்கியைச் சேர்ந்த போலே பாபா என்ற பால் நிறுவனம், பாலோ வெண்ணெயோ கொள்முதல் செய்யாமலே 2019 முதல் 2024 வரை நெய் என்ற பெயரில் 68 லட்சம் கிலோ சரக்கைத் திருமலைக்கு அனுப்பியதாம். அதன் மதிப்பு சுமார் 250 கோடி ரூபாய். பாமாயிலும் பனைப்பருப்பு எண்ணெயும் அடிப்படை. நிறத்துக்குப் பீட்டா கரோட்டின். மணத்துக்கு நெய்வாசனைச் சாரம். நெய்யில் ஆவியாகக்கூடிய அமிலங்களை அளக்கும் பழைய சோதனையொன்று உண்டு. அதனையும் ஏமாற்ற ஓர் அமிலச் சேர்மம் கலந்தார்களாம். 2022இல் அந்நிறுவனம் தகுதியற்றதென்று விலக்கப்பட்டது. ஆனால் சரக்கு நிற்கவில்லை. திருப்பதி மாவட்டத்துப் பெள்ளக்கூரு பகுதியிலுள்ள வைஷ்ணவி டெய்ரி, திண்டுக்கல் ஏ.ஆர். டெய்ரி முதலிய பெயர்களில் அதே சரக்கு மலையேறியது என்பது குற்றச்சாட்டு. வாசலில் தடுத்தவன் கொல்லைப்புறமாக வந்த கதை.

திண்டுக்கல் நிறுவனத்தார், தாங்கள் ஜூன், ஜூலை மாதங்களில் மட்டுமே அனுப்பியதாகவும், சரக்கு சோதனைச் சான்றுகளுடனேயே சென்றதாகவும் தொடக்கத்திலேயே கூறினர். 2025 பிப்ரவரியில் மூன்று நிறுவனங்களோடும் தொடர்புடைய நால்வர் கைதாயினர். பின்னர் தேவஸ்தானத்தின் கொள்முதல் பிரிவில் உயர் பொறுப்பில் இருந்த ஒருவரும் கைதானார்.

இனி நம் திண்ணைக்கு வருவோம். இவ்விஷயத்தில் வீட்டுக்கு வீடு, சில வீடுகளில் அறைக்கு அறை, அபிப்பிராயம் வேறுபடுகிறது. ஏமாற்றியவன் வர்த்தகன்; அவனைச் சிறையில் தள்ளிவிட்டுப் பேச்சை முடியுங்கள் என்பர் சிலர். பூனைக்குப் பால் வைத்துவிட்டுப் பூனையைத் திட்டுவதா, வாங்கியவன் கண்ணைத் திறந்தல்லவா வாங்க வேண்டும் என்பர் வேறு சிலர். 2020இல் ஒப்பந்த விதிகளைத் தளர்த்தியதே வினை என்கிறது ஒரு கட்சி. எங்கள் காலத்திலும் 18 முறை டாங்கர்களைத் திருப்பி அனுப்பினோம், சோதனை முறை சரியாகவே இயங்கியது, நிராகரித்த நெய்யை யார் உண்டார் என்கிறது மற்றொரு கட்சி. இதில் ஒருவிதமான துலாக்கோல் மயக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வர்த்தகன்மேல் பழியை ஏற்றினால் அதிகாரியின் பழி இறங்கிவிடும் என்றும், அதிகாரியைச் சொன்னால் வர்த்தகன் தப்பிவிடுவான் என்றும் எண்ணுகிறோம். பழி என்ன, படியளந்து பங்கிடும் அரிசியா?

சித்தூரில் எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். இரண்டு பசுக்களும் ஓர் எருமையும் அவர் சொத்து. நெய் விவகாரம் பேச்சில் வந்தபோது விலையைக் கேட்டார். 320 ரூபாய் என்றதும், "சாமி, அந்த விலைக்கு என் பசுவே நெய்யாகக் கறந்தாலும் கட்டுப்படியாகாதே" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ பசு நெய் எடுக்க 25 லிட்டர் பாலாவது வேண்டும். லிட்டர் 30 ரூபாய் என்று மட்டமாகவே வைத்தாலும் பாலின் விலை 750 ரூபாய். வெண்ணெய் எடுத்த பாலைப் பொடியாக்கி விற்றுப் பாதியை மீட்டாலும் 375 ரூபாய் மிஞ்சி நிற்கிறது. காய்ச்சும் எரிபொருள், கூலி, டாங்கர் வாடகை, இலாபம் யாவும் இதற்கு மேல். கடையில் நல்ல நெய் கிலோ 600 ரூபாயைத் தொட்ட காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி விலையைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுகொண்டது, ஆண்டுதோறும் பல கோடிக்கு நெய் வாங்கும் பெரிய அலுவலகத்தின் கண்ணில் படாமற் போனதெப்படி?

இதற்கு அதிகாரிகள் தரப்பில் ஒரு மறுமொழி உண்டு. அதனைக் கேளாமல் விடுதல் நியாயமன்று. பொதுப்பணத்தைக் கையாள்பவன் குறைந்த விலையை விட்டுக் கூடிய விலைக்கு வாங்கினால், தணிக்கையாளர் மறுநாளே காரணம் கேட்பர். கையூட்டுப் பெற்றான் என்ற பேச்சும் கிளம்பும். குறைந்த விலைக்கு வாங்கியவனை எவரும் கேட்பதில்லை. மலிவாக வாங்கினான் என்ற நற்பெயரே மிஞ்சும். அரசு அலுவலகத்தில் காலந்தள்ளிய நம் சங்க அன்பர் பலருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இம்மறுமொழி பாதி தூரந்தான் செல்லும். மலிவாக வாங்குபவன் இருமடங்கு சோதித்தல்லவா வாங்க வேண்டும்? கலப்படத்தைக் கண்டறியும் கருவி அன்று திருமலையில் இருக்கவில்லை. அதன் விலை 75 லட்சம் ரூபாய் என்று புதிய நிர்வாக அதிகாரியே 2024இல் தெரிவித்தார். நாளொன்றுக்கு 15,000 கிலோ, கிலோ 320 ரூபாய் என்றால் ஒருநாள் நெய்யின் விலை 48 லட்சம். இரண்டு நாள் நெய்க்குக் கொடுக்கும் பணத்தில் கருவி வந்திருக்கும். அதுவரை ஆண்டுக்கணக்கில் அது வாங்கப்படவில்லை. ஒரு கட்சியின் ஆட்சியில் மட்டுமல்ல, எந்தக் கட்சியின் ஆட்சியிலும் வாங்கப்படவில்லை.

ஒரு வர்த்தகனின் மோசடியில் அவனை நம்பிய நிறுவனத்துக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியை மேல்நாட்டு நீதிமன்றங்களும் எதிர்கொண்டிருக்கின்றன. 1995இல் சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற இளைஞர் 82 கோடி பவுனுக்கு மேல் நஷ்டத்தை ஒரு மறைவுக் கணக்கில் ஒளித்து, இருநூறாண்டுப் பழமை வாய்ந்த பேரிங்ஸ் வங்கியையே கவிழ்த்தார். வாங்கி விற்பவரும் அவரே, அக்கணக்கைச் சரிபார்ப்பவரும் அவரே என்று இலண்டன் மேலாளர் விட்டுவைத்திருந்தனர். இலாபம் வருகிறது என்று கேட்டபோது எவரும் எப்படி வருகிறது என்று கேட்கவில்லை. லீசனுக்கு ஆறரை ஆண்டுச் சிறை. பிரான்சில் 2008இல் வெளிப்பட்ட ஜெரோம் கெர்வியேல் விவகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. சொசியேத்தே ஜெனரால் வங்கிக்கு ஏற்பட்ட நஷ்டம் 490 கோடி யூரோ. 2010இல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்ததோடு, அத்தொகை முழுவதையும் அவரே செலுத்த வேண்டுமென்றது. பிரெஞ்சு மக்கள் இரண்டாகப் பிரிந்தனர். வங்கியின் பாவத்தைச் சுமக்கும் பலியாடு என்றார் சிலர். திருடனுக்குப் பரிவா என்றார் சிலர். கடைசியில் 2016இல் வெர்சாய் நீதிமன்றம் வங்கியின் மேற்பார்வைக் குறைகளைச் சுட்டி, அவர் செலுத்த வேண்டியது 10 லட்சம் யூரோ மட்டுமே என்று குறைத்தது. கெர்வியேல் குற்றமற்றவர் என்று அது சொல்லவில்லை. சிறைத் தண்டனை ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. ஒருவன் குற்றவாளியாக இருக்கும்போதே, ஏமாந்தவனும் தன் பங்குக்குப் பதில் சொல்லலாம் என்பதை அத்தீர்ப்பு எண்ணிக்கையிட்டுக் காட்டிவிட்டது.

நம் நாட்டில் 2024 செப்டம்பர் 30 அன்று வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தெய்வங்களையாவது அரசியலிலிருந்து விலக்கி வையுங்கள் என்று நீதிபதிகள் கேட்டுக்கொண்டனர். அக்டோபர் 4 அன்று மத்தியப் புலனாய்வுத் துறையினர் இருவர், மாநிலக் காவல் அதிகாரிகள் இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தைச் சேர்ந்த ஒருவர் என ஐவர் குழு அமைந்தது. 2026 ஜனவரியில் அக்குழு நெல்லூர் நீதிமன்றத்தில் இறுதிக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டுள்ளனர். வர்த்தகரும் தேவஸ்தான அலுவலரும் அதில் அடக்கம். விலங்குக் கொழுப்பு இருந்ததாக ஆய்வில் தெரியவில்லை, கலந்தது தாவர எண்ணெய்களே என்று அதில் கண்டிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின.

உடனே என்ன நடந்தது? மாட்டுக் கொழுப்பு இல்லை, ஆகவே நாங்கள் நிரபராதிகள் என்றது ஒரு தரப்பு. கலப்படம் உறுதியாயிற்று, ஆகவே நாங்கள் சொன்னது மெய் என்றது மறு தரப்பு. குற்றப்பத்திரிகையைத் தமக்கு வேண்டிய இடத்தில் கிழித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டனர். பாலே இல்லாமல் 68 லட்சம் கிலோ நெய் பிறந்த அதிசயத்தைப் பற்றிய பேச்சு அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போயிற்று. சித்தூர்ச் சீமை பாலுக்குப் பெயர்போனது. கூட்டுறவுப் பால் நிலையம் 2002இல் மூடப்பட்டபோது கண்கலங்கிய குடியானவர் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. மலையடிவாரத்தில் பசுக்கள் நிற்க, இமயமலையடிவாரத்திலிருந்து எண்ணெய் வந்து நெய்யாயிற்று என்பதில் அவர்களுக்கு இருக்கும் வேதனை வேறுவகை.

அந்த நான்கு டாங்கர்களைப் பற்றி ஒரு செய்தி பாக்கி. நிராகரித்த நெய்யை யார் உண்டார் என்ற கேள்விக்குப் புலனாய்வுக் குழு 2025இல் நீதிமன்றத்தில் ஒரு மறுமொழி வைத்தது. ஜூலையில் திருப்பியனுப்பப்பட்ட டாங்கர்கள் திண்டுக்கல்லுக்குப் போய்ச் சேரவே இல்லையாம். வைஷ்ணவி டெய்ரிக்கு அருகே இருந்த ஒரு கல் உடைக்கும் ஆலைக்குப் போய் நின்றனவாம். அங்கே சீட்டு மாற்றி, வேறு பெயரில், ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் மலையேறினவாம். இது மெய்யானால், டாங்கர்களைத் திருப்பி அனுப்பியதாகப் பெருமை கொண்டோரின் வாதமும் விழுகிறது. ஆட்சி மாறியதும் எல்லாம் தூய்மையாயிற்று என்றோரின் வாதமும் உடன் விழுகிறது. ஆகஸ்டில் ஆண்டது புதிய அரசு.

அந்த ஆகஸ்டில் நம் வீடுகளுக்கும் ஊரிலிருந்து உறவினர் வந்திருந்தார்கள். மலைக்கு அழைத்துச் சென்று தரிசனம் செய்வித்து, ரேணிகுண்டாவில் இரயில் ஏற்றிவிடும்போது, வழக்கம்போல் ஆளுக்கு இரண்டு லட்டு கையில் கொடுத்தனுப்பினோம்.